மனச்சிதைவு: ஒரு பெயர் நடந்த வழி

அத்தையின் கோப்பு பழுப்பு நிறம். முனைகள் மடங்கிவிட்டன. கட்டியிருந்த நாடா எப்போதோ அறுந்து, இப்போது ஒரு ரப்பர் பேண்டு. உள்ளே இருபத்தாறு வருடத்து மருத்துவச் சீட்டுகள். அத்தான் அதைத் திண்ணையில் பிரித்துவைத்து, மூன்று தாள்களை மட்டும் உருவி என் முன்னால் பரப்பினார். முதல் தாளில் 'மேனிக் டிப்ரஸிவ் சைக்கோசிஸ்'. ஒன்பது வருடம் கழித்து வேறொரு மருத்துவரின் கையெழுத்தில் 'ஸ்கிட்ஸோஃப்ரினியா'. மூன்றாவது தாளில் மூன்றாவது மருத்துவர் முதல் இரண்டையும் சேர்த்துத் தைத்ததுபோல் 'ஸ்கிட்ஸோஅஃபெக்டிவ்' என்று எழுதியிருந்தார்.

"வார்த்தைக்கு வேர் தேடுறவனாச்சே நீ. இதுல எதுடா எங்க அம்மாவுக்கு?" என்றார்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று பேருமே அத்தையைக் கவனமாகப் பார்த்தவர்கள், நல்ல மருந்து கொடுத்தவர்கள். அதனால் குறையை அவர்கள்மேல் போட மனம் வரவில்லை. பெயர்களைத்தான் தோண்ட வேண்டியிருந்தது.

நம் பழைய பேச்சில் இந்தக் கோளாறுகளுக்கு நடுவே வேலி கிடையாது. எல்லாம் பைத்தியம். அந்தச் சொல்லுக்குள் இருப்பது பித்தம். பித்தத்தால் வந்தது என்ற பொருளில் வடமொழி வழியாக வந்து சேர்ந்த சொல் அது. பித்து, பித்தன் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். கிரேக்கர்களும் இதே வழியில்தான் போனார்கள். விடாத சோர்வுக்கு அவர்கள் வைத்த 'மெலன்கோலியா' என்ற பெயருக்குக் கரும்பித்தம் என்று பொருள். ஈரலில் ஊறும் நீர் ஏறிப்போய் அறிவைக் கலக்குகிறது என்று இரண்டு மண்ணின் வைத்தியமும் நம்பியிருக்கிறது. திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் தம் முதல் பதிகத்தில் சிவனைப் பித்தன் என்றே கூப்பிட்டார். அந்தச் சொல்லில் வசவும் இருந்தது, உரிமையும் இருந்தது. பைத்தியத்துக்கு வசவு மட்டும் மிஞ்சியது. பிறகு சென்னையில் ஓர் ஊர்ப்பெயரே நோய்ப்பெயராகிவிட்டது: கீழ்ப்பாக்கம். இலங்கைத் தமிழர்களுக்கு அங்கொடை. இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் ஆளைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டாம் என்று ஒரு பழக்கம்.

இந்த வசவிலிருந்து நோயாளியைக் காப்பாற்ற வந்த சொல்தான் மனச்சிதைவு. இருபதாம் நூற்றாண்டுக் கலைச்சொல். மனப்பிளவு என்று எழுதியவர்களும் உண்டு. நின்றது மனச்சிதைவு. எதன் தமிழாக்கம் இது என்று கேட்டால் ஸ்கிட்ஸோஃப்ரினியாவின் தமிழாக்கம் என்பார்கள். எனக்கு அதில் ஒரு மறுப்பு உண்டு. அதைச் சொல்ல ஹைடல்பர்க் வரை போய்வர வேண்டும்.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழக மனநோய் மருத்துவமனைக்கு 1891-ல் தலைவராக வந்தார் எமில் கிரெப்பெலின். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை போட்டு எழுதிவைப்பது அவர் வழக்கம்: எந்த வயதில் தொடங்கியது, என்னென்ன கண்டோம், கடைசியில் என்ன ஆனார். விடுமுறைக்குப் போகும்போதும் அந்த அட்டைக்கட்டைக் கூடவே எடுத்துப்போய் அடுக்கி அடுக்கிப் பார்ப்பார். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இல்லாத காலம். நோயின் முடிவைப் பார்த்தே அவர் இனம் பிரித்தார். விட்டுவிட்டு வந்து, இடையில் தெளிந்து, மறுபடி வருவது ஒரு குவியல். இளவயதில் தொடங்கி, தெளியாமல், அறிவு மங்கிக்கொண்டே போவது இன்னொரு குவியல். முதல் குவியலுக்கு மேனிக் டிப்ரஸிவ் என்று பெயர். இரண்டாவதற்கு 'டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்', அதாவது பருவத்துக்கு முன்னே வந்த அறிவழிவு. 1899-ல் வந்த அவருடைய பாடநூலின் ஆறாம் பதிப்பில் இந்தப் பிரிவினை உறுதியாயிற்று. நடுச்சுவர் எழும்பியது அப்போதுதான். உலகத்து மனநல மருத்துவம் முழுக்க இன்றுவரை அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும்தான் குடியிருக்கிறது.

அந்தப் பெயரை மாற்றியவர் சுவிட்சர்லாந்துக்காரரான ஆய்கன் ப்ளாய்லர். ரைன் ஆற்றின் நடுவே ஒரு தீவில், பழைய மடத்தில் நடந்த மனநோய் இல்லத்தில் பன்னிரண்டு வருடம் நோயாளிகளோடு ஒன்றாக வாழ்ந்தவர். அவருடைய உடன்பிறந்த சகோதரிக்கும் மனநோய் இருந்தது. பிறகு ஜூரிக்கின் புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனைக்குத் தலைவரானார். கிரெப்பெலினின் பெயர் இரண்டு இடத்தில் பொய் சொல்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. எல்லாருக்கும் இளவயதிலேயே வருவதில்லை; வந்த எல்லாருக்கும் அறிவு அழிவதும் இல்லை. நல்லபடியாகத் தேறியவர்களை அவர் கண்ணால் பார்த்திருந்தார். 1908 ஏப்ரல் 24-ஆம் தேதி பெர்லினில் பேசியபோது புதிய பெயரைச் சொன்னார். ஸ்கிட்ஸைன் என்றால் பிளத்தல். ஃப்ரென் என்றால் மனம். நினைப்பும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று கோத்துப்போகாமல் தனித்தனியே பிரிந்து நிற்பதையே அவர் பிளவு என்றார். ஓர் உடம்பில் இரண்டு ஆட்கள் என்று அவர் சொல்லவில்லை. 'அந்நியன்' படத்தில் வருவது வேறு கோளாறு. இதையும் அதையும் நம் ஊரில் மட்டும் குழப்புவதில்லை, உலகம் முழுக்கக் குழப்புகிறார்கள்.

ஃப்ரென் என்ற சொல்லிடம் கொஞ்சம் நிற்கலாம். ஹோமர் காலத்தில் அது மார்புக்குக் கீழே, உதரவிதானத்தை ஒட்டிய இடத்தைக் குறித்தது. உதரவிதானத்தை இயக்கும் நரம்புக்கு மருத்துவத்தில் இன்றும் அதே பெயர்தான். உடம்பின் ஓரிடம் அப்படியே நினைவின் இடமாகிவிட்டது. தமிழில் நெஞ்சு செய்ததும் இதுவே. ப்ளாய்லரின் பெயரைப் படிக்கும்போது எனக்கு மூளை தோன்றுவதில்லை. மூச்சு வாங்கும் இடத்தில் ஏதோ கீறியதுபோல்தான் தோன்றுகிறது. குரல் கேட்கும் நாட்களில் அத்தை கையை வைப்பதும் அங்கேதான்.

1911-ல் வந்த தம் நூலின் தலைப்பில் ப்ளாய்லர் 'ஸ்கிட்ஸோஃப்ரினியாக்களின் கூட்டம்' என்று பன்மையில் எழுதினார். ஒரே நோய் என்று அவர் சாதிக்கவில்லை. அந்தப் பன்மையைப் பின்வந்தவர்கள் உதிர்த்துவிட்டார்கள். சொல்வரலாற்றில் ஒரு 'கள்' விகுதி விழுந்ததால் இவ்வளவு இழப்பு நேர்ந்த இடம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

இப்போது தமிழுக்கு வருகிறேன். பிளவு என்பது சேரக்கூடியது. பிளந்த கட்சி சேர்கிறது, பிளந்த உதட்டைத் தைக்கிறோம். சிதைவு அப்படியா? கருச்சிதைவு, திசுச்சிதைவு, விழித்திரைச் சிதைவு. கலைச்சொல் அகராதியில் சிதைவு வருகிற இடமெல்லாம் திரும்பி வராதவற்றின் இடம். வேர் வேறானாலும், பிணத்தை எரிக்கும் சிதையும் காதில் ஒலிக்காமல் இருப்பதில்லை. ஆக, மனச்சிதைவு என்ற பெயர் ப்ளாய்லரின் சொல்லை மொழிபெயர்க்கவே இல்லை. அவர் பொய் என்று விலக்கிய கிரெப்பெலினின் அறிவழிவைத்தான் அது மறுபடி கூட்டிவந்திருக்கிறது. வசவிலிருந்து காப்பாற்ற வந்த சொல், அழிந்துபோவாய் என்ற தீர்ப்பையும் கையோடு கொண்டுவந்துவிட்டது. சொன்னவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு தாயிடம் "உங்கள் பிள்ளைக்கு மனச்சிதைவு" என்று சொல்லும்போது அவள் காதில் விழுவது நோயின் பெயரா, முடிவா?

அந்த முடிவு உண்மையுமில்லை. சென்னையில் 1981 வாக்கில் முதல்முறையாக நோய் கண்ட 90 பேரைத் தேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உலக மனநல மருத்துவத்தில் பெயர்பெற்றது. டாக்டர் ஆர். தாராவும் அவரோடு இருந்தவர்களும் செய்தது. அவர்களில் பெரும்பாலோர் பத்து ஆண்டு முடிவில் நல்ல நிலையில் இருந்தார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் வாசலில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால்கூட, சிதைவு என்ற சொல் அங்கு வந்துபோகும் முகங்களோடு ஒட்டாததைப் பார்க்கலாம்.

சுவருக்கு அந்தப் பக்கத்துப் பெயரையும் சுருக்கமாகப் பார்த்துவிடுகிறேன். 1850-களில் பாரிஸில் ஃபால்ரே என்பவர் 'சுழலும் பித்து' என்றார். பையார்ஜே என்பவர் 'இரட்டை வடிவப் பித்து' என்றார். யார் முதலில் சொன்னது என்று இருவருக்கும் பெரிய சண்டை. 1957-ல் கார்ல் லியோன்ஹார்ட் இருதுருவம், ஒருதுருவம் என்று பிரித்தார். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு மேனிக் டிப்ரஸிவை நீக்கிவிட்டு பைபோலார் என்று எழுதிக்கொண்டது. நமக்கு அது இருதுருவ மனநோய். துருவம் என்றதும் வடக்கும் தெற்கும் போல எட்டாத தூரம் தோன்றுகிறது. அத்தைக்கோ, வாய் ஓயாத உற்சாகமும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் துக்கமும் ஒரே வாரத்தில் வந்ததுண்டு.

சுவரின்மேல் முதல் விரிசலைப் பார்த்தவர் அதைக் கட்டியவரே. 1920-ல், சாவதற்கு ஆறு ஆண்டு முன்னால், இந்த இரண்டையும் நோயாளிகளிடம் தெளிவாகப் பிரிக்க முடியாத இடங்கள் நிறைய இருக்கின்றன என்று கிரெப்பெலின் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கிறேன். 1933-ல் ஜேக்கப் கசானின் என்பவர் சுவர்மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஸ்கிட்ஸோஅஃபெக்டிவ் என்று பெயர் வைத்தார். அத்தையின் மூன்றாவது தாளில் இருப்பது அவருடைய சொல். பிறகு 1960-களில் ஒரு வேடிக்கையான செய்தி கவனத்துக்கு வந்தது: நியூயார்க் மருத்துவர்கள் லண்டன் மருத்துவர்களைவிட மிக அதிகமாக ஸ்கிட்ஸோஃப்ரினியா என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஊர் நோயாளிகளையும் ஒரே அளவுகோலால் பார்த்தபோது வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. மாறியது கடல் கடந்த பெயர்தான்.

மரபணுவின் கதை இங்கே வந்து சேர்கிறது. காலத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 1908-ல் ப்ளாய்லரின் சொல். 1909-ல் கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் யோஹான்சன் 'ஜீன்' என்ற சொல்லை உருவாக்கினார். 1910-ல் ஜெர்மனியின் லுட்விக் பிளாட்டே 'பிளியோட்ரோபி' என்ற சொல்லை உருவாக்கினார்: ஒரே மரபுக்கூறு பல பண்புகளில் கைவைப்பது. கிரேக்கத்தில் பல பக்கம் திரும்புவது என்று பொருள். பன்முக விளைவு என்று தமிழில் எழுதுகிறோம். நோயைப் பிரித்த பெயரும், நோய்களைச் சேர்க்கப்போகிற பெயரும் இரண்டு வருட இடைவெளியில், ஏறக்குறைய ஒரே மொழி பேசுகிறவர்களிடம் பிறந்திருக்கின்றன. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள நூறு வருடம் ஆயிற்று.

தமிழில் இத்துறைக்கு மரபியல் என்று பெயர். இந்தப் பெயரும் புதிதல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கு மரபியல் என்றுதான் தலைப்பு. எதை எந்தப் பெயரால் அழைப்பது என்பதே அதன் பேச்சு. பறவைக் குஞ்சுக்குப் பார்ப்பு. நாய்க்கும் பன்றிக்கும் புலிக்கும் முயலுக்கும் குட்டி பிறந்தால் நான்குக்கும் குருளை. புலியும் முயலும் ஒரே பெயரில் நிற்பதைத் தொல்காப்பியர் உறுத்தலாக எண்ணவில்லை. மரபு என்றால் பெயரிடும் வழக்கு என்ற பொருளும் வழிவழி வருவது என்ற பொருளும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. இந்தக் கட்டுரைக்கு அது தானாக வந்து வாய்த்த பொருத்தம்.

இடையில் இருண்ட ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதைத் தாண்டிப்போவது முறையல்ல. 1916-ல் மியூனிக்கில் எர்ன்ஸ்ட் ரூடின் என்பவர் டிமென்ஷியா ப்ரீகாக்ஸ் வந்தவர்களின் உடன்பிறந்தோரைக் கணக்கெடுத்தார். அதே ரூடின் 1933-ல் நாஜிகளின் கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்குத் துணைநின்றார். அந்தச் சட்டப் பட்டியலில் ஸ்கிட்ஸோஃப்ரினியா ஒரு வரி, மேனிக் டிப்ரஸிவ் இன்னொரு வரி. பெயர் எழுதப்பட்டவர்கள் அறுவை மேசைக்குப் போனார்கள். 1940-லிருந்து பலர் விஷவாயு அறைக்கும் போனார்கள். குடும்பத்தில் வரும் நோய் என்று பேச எடுக்கும் எவரும் இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். பெண் பார்க்க வரும் வீட்டில் "உங்க குடும்பத்துல யாருக்காவது…" என்று குரலைத் தாழ்த்தும் நம் ஊர்க் கேள்வியும் அதே நிழலில்தான் நிற்கிறது.

2009-ல் இரண்டு செய்திகள் வந்தன. ஸ்வீடனில் இருபது லட்சம் குடும்பங்களின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஸ்கிட்ஸோஃப்ரினியா உள்ளவரின் நெருங்கிய உறவினருக்கு அதே நோய் மட்டுமல்ல, இருதுருவ நோயும் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. கிரெப்பெலினின் சுவர் சரியென்றால் இது நடந்திருக்கக் கூடாது. அதே ஆண்டு பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று ஸ்கிட்ஸோஃப்ரினியா உள்ள 3,322 பேரின் மரபணுத் தொகுதியைப் பார்த்தது. ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து மாறும் இடங்கள் நம் டிஎன்ஏவில் லட்சக்கணக்கில் உண்டு. ஒவ்வொரு மாற்றமும் நோய்க்கான வாய்ப்பை ஒரு குன்றிமணி எடைகூட ஏற்றாது. ஆயிரக்கணக்கானவற்றைக் கூட்டினால் எடை தெரியத் தொடங்குகிறது. அப்படிக் கூட்டிய கணக்கை இருதுருவ நோயாளிகளிடம் வைத்துப் பார்த்தார்கள்; அங்கும் தராசு தாழ்ந்தது. மாரடைப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, முடக்குவாதம் உள்ளவர்களிடம் வைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை.

2013-ல் அளவே சொல்லிவிட்டார்கள். தொடர்பே இல்லை என்றால் 0, முழுக்க ஒன்றே என்றால் 1 என்ற கணக்கில், பொதுவான மரபணு மாற்றங்களைப் பொறுத்தவரை ஸ்கிட்ஸோஃப்ரினியாவுக்கும் இருதுருவ நோய்க்கும் 0.68. அதே ஆண்டு, இவற்றோடு பெருமனச்சோர்வு, ஆட்டிசம், கவனக்குறைவு மிகைச்செயல்பாடு ஆகியவற்றையும் சேர்த்து ஐந்து நோய்களின் 33,332 பேரை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வில் நான்கு பொது இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றில் இரண்டு, நரம்பணுவுக்குள் கால்சியம் நுழையும் வாயிலைக் கட்டும் மரபணுக்கள். ஆட்டிசம் என்ற சொல்லும் ப்ளாய்லர் ஸ்கிட்ஸோஃப்ரினியாவின் ஓர் அறிகுறிக்கு வைத்த பெயர்தான். 1943-ல் லியோ கானர் அதை எடுத்துக் குழந்தைகளின் தனி நிலைக்கு வைத்தார். பெயர் தனிக்குடித்தனம் போய் எழுபது வருடம் கழித்து, மரபணுவில் தாய்வீட்டு உறவு கொஞ்சம் இருப்பது தெரிந்தது.

2018-ல் மூளை சார்ந்த 25 நோய்களை, 2,65,218 நோயாளிகளை வைத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நரம்பியல் நோய்கள் பெரும்பாலும் தனித்தனியே நின்றன. மனநோய்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன. அவற்றுக்கு நாம் வைத்த எல்லைகள் மரபணுவுக்குத் தெரியவில்லை.

இதை அத்தானுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டுக் கொல்லையே கை கொடுத்தது. தாத்தா காலத்தில் பாகம் பிரித்த வீடு அது. கொல்லையில் ஒரே கிணறு. கிணற்றின் குறுக்கே கருங்கல் பாவி, அதன்மேல் நடுச்சுவர் போகிறது. இந்தப் பக்கம் பாதி வட்டம், அந்தப் பக்கம் பாதி வட்டம், ஆளுக்கு ஒரு ராட்டினம். பங்காளிகளுக்குள் பேச்சில்லாமல் போன வருடங்களிலும், அந்தப் பக்கம் வாளி விழுந்தால் இந்தப் பக்கத்துத் தண்ணீர் ஆடும். சிறுவயதில் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"கிணத்தைச் சொல்றியா," என்றார் அத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப சுவரு பொய்யா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பொய்யில்லை. இரண்டு வீட்டிலும் இரண்டு விதமாகத்தான் சமைக்கிறார்கள். 0.68 என்பது 1 அல்ல. லித்தியம் என்ற மருந்து யாருக்கு நன்றாகக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று முடிவுசெய்ய மருத்துவருக்கு இன்றும் சுவர் வேண்டியிருக்கிறது. பொதுத்தண்ணீர் என்பதற்காக அதைக் குடித்த எல்லாருக்கும் நோய் என்பதும் இல்லை. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு ஸ்கிட்ஸோஃப்ரினியா வந்தால், மற்றவருக்கு வராமல் போகும் வாய்ப்பே பாதி அல்லது அதற்கும் மேல். எந்த ரத்தப் பரிசோதனையும் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ இது வரும் என்று எழுதிக்கொடுக்க முடியாது. அத்தானின் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். அவர் சுற்றிச் சுற்றி வந்தது இந்த இடத்துக்குத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இதை இரண்டுமுறை சொன்னேன்.

இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுக்கப்பட்டவை என்பதையும் மறைக்கக் கூடாது. நம்மவர்களிடம் எடுத்தவை குறைவு. ஸ்கார்ஃப் நிறுவனத்தாரும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து இந்திய நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2019-ல் வந்தது. நியாசின் என்ற வைட்டமினை உடம்பு கையாளும் வழியில் உள்ள ஒரு மரபணுவை அது சுட்டியது. நம் கிணற்று நீரை நாமே இறைத்துப் பார்த்த முதல் சில வாளிகளில் அது ஒன்று.

பெயரை மாற்ற முடியாதா என்றால், மாற்றியிருக்கிறார்கள். ஜப்பானில் மனம் பிளந்த நோய் என்று பொருள்படும் பெயர்தான் வழங்கியது. நோயாளிகளின் குடும்பங்கள் சங்கமாகத் திரண்டு 1993 முதல் கேட்டுக் கேட்டு, 2002-ல் மருத்துவர் சங்கம் அதை விட்டது. மனத்தின் ஒருங்கிணைப்புக் கோளாறு என்று பொருள்படும் பெயர் வந்தது. அதற்குமுன் நூற்றுக்கு 36.7 நோயாளிகளுக்குத்தான் தங்கள் நோயின் பெயர் சொல்லப்பட்டிருந்தது. மூன்று ஆண்டுகளில் அது 69.7 ஆயிற்று. மருத்துவர்களால் வாய்திறந்து சொல்ல முடிகிற பெயராக அது இருந்தது. 2011-ல் கொரியர்களும் மாற்றினார்கள். அவர்கள் எடுத்த சொல்லுக்கு நரம்புக்கருவிக்குச் சுருதி கூட்டுவது என்று பொருள். சுருதி கலைந்த வீணையை யாரும் சிதைந்த வீணை என்று சொல்வதில்லை. சுருதியும் நரம்பும் நம்மிடம் இருக்கின்றன. ஒரு நல்ல சொல்லைக் கட்ட நம்மவர்களுக்குத் தெரியாதா என்ன? மருத்துவர்களும் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது. சிதைவை எடுத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு உறுதி.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அத்தான் தாள்களைக் கோப்பில் திரும்ப வைத்தார். நான் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி அத்தை இருக்கு என்று கேட்டேன். இருபத்தாறு வருடமாக அவள் அந்த மூன்று பெயரில் ஒன்றையும் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கென்று ஒரு சொல் உண்டு.

"இரைச்சல் ரெண்டு நாளா இல்லடா," என்றாள். "மழை வரும்னு நினைக்கறேன், கெணத்துல சத்தம் மாறியிருக்கு. அந்தக் காம்பையெல்லாம் தனியா எடுத்து வை."